சூடானால் முன்னே நகராத பேக்ஹோ: ஷட்டில் கோளாறைத் தேடிப் பிடித்தது

தோட்டத்துக் குட்டையைத் தூர்வார வாங்கிய பழைய பேக்ஹோ லோடர் (முன்னால் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள வண்டி) இது. காலையில் நன்றாக ஓடும். வேலை செய்து கியர்பாக்ஸ் ஆயில் சூடானதும், ஷட்டில் லிவரை, அதாவது முன்னே போகவா பின்னே போகவா என்று மாற்றும் லிவரை, முன்னே தள்ளினால் வண்டி நகராது. ரிவர்ஸ் மட்டும் வழக்கம்போல இழுக்கும். பார்த்த மெக்கானிக், "ஃபார்வர்ட் கிளட்ச் பேக் போயிருச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார். அது பெரிய செலவு. அதற்கு முன் வெளியே இருந்து பார்க்க முடிந்ததை எல்லாம் பார்த்துவிட நினைத்தேன்.

ரிவர்ஸ் ஒழுங்காக இருந்ததுதான் முதல் துப்பு. ஆயில் பம்ப், ஃபில்டர், எஞ்சினின் பலத்தை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் மூன்றும் இரண்டு பக்கத்துக்கும் பொது. ரிவர்ஸ் முழு பலத்தோடு இழுக்கிறது என்றால் அவற்றில் குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மிச்சம் ஃபார்வர்டுக்கு மட்டும் உரியவை: கிளட்ச் பேக் (ஆயில் அழுத்தத்தில் ஒன்றையொன்று பிடிக்கும் தகடுகளின் அடுக்கு), சீல், அதற்கு ஆயிலைத் திறந்துவிடும் வால்வு, கரண்ட் வந்தால் காந்தமாகி அந்த வால்வை இழுக்கும் சொலினாய்டு காயில், அதற்கு லிவரிலிருந்து வரும் வயர்.

பேக்ஹோவில் ஒரு வசதி, ஜாக்கி தேடி அலைய வேண்டாம். முன் பக்கெட்டைத் தரையில் அழுத்தி, பின்னால் ஸ்டெபிலைசர் கால்களை இறக்கினால் நாலு சக்கரமும் தரையை விட்டு எழுந்துவிடும். அடியில் கனமான கட்டைகளை அடுக்கிவிட்டேன். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

வண்டி சூடாகி ஃபார்வர்ட் வேலை செய்யாத நேரத்தில் எஞ்சினை நிறுத்தி, ஃபார்வர்ட், ரிவர்ஸ் இரண்டு சொலினாய்டுகளின் பிளக்கையும் மாற்றிச் சொருகினேன். இப்போது ரிவர்ஸ் வயர் ஃபார்வர்ட் காயிலுக்கும், ஃபார்வர்ட் வயர் ரிவர்ஸ் காயிலுக்கும் போகும். திரும்ப ஸ்டார்ட் செய்து லிவரை ரிவர்ஸில் போட்டால் சக்கரம் முன்பக்கமாகச் சுற்றியது! லிவரை ஃபார்வர்டில் போட்டால் ஒன்றும் இல்லை. அப்படியானால் ஃபார்வர்டின் காயிலும் வால்வும் வேலை செய்கின்றன, கிளட்ச் பேக்கும் பிடிக்கிறது. கோளாறு லிவரிலிருந்து வரும் ஃபார்வர்ட் வயரில்.

மல்டிமீட்டர் வைத்தேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் 13.5 வோல்ட். காயிலோடு சொருகியபடி, பிளக்கின் பின்பக்கத்தில் ஊசி முனையை வைத்துப் பார்த்தால் வெறும் 8.2. கரண்ட் ஓடாதபோது நாலு இழை செம்பு ஒட்டியிருந்தால்கூட முழு வோல்ட்டைக் காட்டும். லோடு ஏறி, அதாவது காயில் கரண்ட் இழுக்கும்போதுதான் வயரின் நிலை தெரியும். சூட்டுக்கும் காரணம் உண்டு. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் இருந்த காயில் 90ஐத் தொட்டால் தடை கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். ஏற்கெனவே குறைந்த வோல்ட்டில் அந்த இழப்பும் சேர்ந்தால் வால்வை இழுக்க காந்த பலம் போதாது.

லிவரிலிருந்து வயரைத் தொட்டுக்கொண்டே போனேன். ஃப்ளோர் பிளேட்டுக்கு அடியில், தகரத்தின் விளிம்பில் உரசி ரப்பர் போயிருந்தது. உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு பூத்து, சில இழைகள்தான் மிச்சம். அந்தத் துண்டை வெட்டி எறிந்து புது வயர் இணைத்து, மேலே ஸ்லீவ் போட்டு, விளிம்பில் ரப்பர் வளையமும் வைத்தேன். பிளக்குகள் பழைய இடத்துக்குப் போயின. இப்போது லோடோடு 13.1 வோல்ட். மத்தியான வெயிலில் பக்கெட் நிறைய வண்டல் அள்ளிக் கரையேற்றினேன், ஒரு தயக்கமும் இல்லை.

அடுத்து ஆயிலும் ஃபில்டரும் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டிப் பார்க்கப் போகிறேன். குறைந்த வோல்ட்டில் ஓடிய நாட்களில் கிளட்ச் வழுக்கியிருந்தால் தகட்டின் துகள் அதில் சிக்கியிருக்கும்.