மின்சாரம் மாதிரி ஏஐயா?

நேற்று பாதி அறிக்கையில் ஏஐ சேவை படுத்துவிட்டது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, நானும் கையைக் கட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சில வருடம் முன்புவரை இதே அறிக்கையை நானேதான் எழுதினேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மின்சாரக் கட்டணத்தை ஏற்ற ஒழுங்குமுறை ஆணையத்திடம் போய் நிற்க வேண்டும். ஏஐயிலோ ராத்திரியோடு ராத்திரியாக மாடலையே, அதாவது பதில் எழுதும் மென்பொருளையே, மாற்றிவிடுகிறார்கள். ஒரு மின்னஞ்சல் வந்தால் நம் அதிர்ஷ்டம்.

ஏஐயையும் மின்சாரம் மாதிரி பொதுச் சேவையாக நடத்தி அரசு விதி போடலாமே என்று ஒரு யோசனை. யோசனை புதிதல்ல. 1877இல் 'மன் எதிர் இல்லினாய்' வழக்கில், தானியக் கிடங்குகளின் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைக்கலாம் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். சொத்து தனியாருடையதுதான், ஆனால் சிகாகோ வழியாகப் போகும் தானியம் அந்தச் சில கிடங்குகளைத் தாண்டித்தானே போக வேண்டும்? இன்று கிடங்குக்குப் பதில் டேட்டா சென்டர்.

இடிக்கிற இடமும் உண்டு. ஒரு யூனிட் மின்சாரம் யாரிடம் வாங்கினாலும் ஒன்றுதான். ஏஐ பதில் அப்படியா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 சட்டம், மாடலைப் பயிற்றுவிக்கச் செலவான கணக்கீடுகளின் எண்ணிக்கையை வைத்துக் கோடு கிழிக்கிறது: 10இன் 25ஆம் அடுக்கைத் தாண்டினால் கூடுதல் விதிகள். மாடலின் பருமனை அளக்கலாம், சரி. தரத்தை அளக்க மீட்டர் ஏது?

'பொதுச் சேவை' முத்திரை குத்தினால் இருக்கிற பெரிய கம்பெனிகளுக்கே ஏகபோகத்தைப் பட்டா போட்டுக் கொடுத்ததாகிவிடுமோ என்ற பயமும் எனக்கு உண்டு. அதனால் விலைக் கட்டுப்பாட்டை இப்போதைக்கு நான் கேட்கவில்லை. மாடலை மாற்றுவதற்கு முன் அறிவிப்பு, சேவை படுத்தால் பொதுவில் விளக்கம், காரணம் சொல்லாமல் யாரையும் துண்டிக்கக் கூடாது. முதலில் இந்த மூன்றும் வரட்டும்.