ட்ரையல் மேக்கப்பை உடனே கழுவிவிடாதீர்கள்

கல்யாணப் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த பிராண்ட் போடுவீர்கள் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, ட்ரையலுக்கு, அதாவது கல்யாணத்துக்கு முன்பே ஒரு தடவை மேக்கப் போட்டுப் பார்க்க, என்றைக்கு வருகிறீர்கள் என்று. வந்து உட்கார்ந்து, கண்ணாடியில் பார்த்து சூப்பர் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போனதும் முகத்தைக் கழுவிவிட்டால் ட்ரையல் வைத்ததே வீண். அந்த மேக்கப்போடு 5, 6 மணி நேரம் இருங்கள். சாப்பிடுங்கள், வியர்க்க நடங்கள், நாலு பேரிடம் சிரித்துப் பேசுங்கள். ஃபவுண்டேஷன் போட்டவுடன் ஒரு நிறம் காட்டும், முகத்து எண்ணெயோடு சேர்ந்து கொஞ்ச நேரத்தில் ஒரு படி கறுத்துவிடும், சிலருக்கு மூக்கோரத்தில் திட்டுத்திட்டாகப் பிரியும். இதெல்லாம் அன்றைக்கே தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஃபவுண்டேஷன் நிறத்தை மணிக்கட்டில் தடவிப் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில் தடவி, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் நின்று பாருங்கள், தோலோடு கலந்து காணாமல் போவதுதான் உங்கள் ஷேடு. "கொஞ்சம் கலரா காட்டுங்க" என்று கேட்கிறவர்களிடம் நான் கெஞ்சாத குறையாகச் சொல்வேன், வேண்டாம். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று ஆல்பத்தில் காலத்துக்கும் நிற்கும். உங்கள் நிறம் உங்களுக்கு அவ்வளவு பொருத்தம்.

அப்புறம் ஃப்ளாஷ். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழே சிலிக்கா பவுடரை தாராளமாகப் போட்டுவிட்டேன். கண்ணாடியில் அழகாகத்தான் இருந்தது. ஃபோட்டோவில் இரண்டு கண்ணுக்கடியிலும் மாவு அப்பிய மாதிரி வெள்ளை. அந்தப் பெண்ணின் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு உள்ள சன்ஸ்கிரீனும் இதே வேலையைச் செய்யும், ஃப்ளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். ட்ரையல் அன்று விளக்கை அணைத்துவிட்டு மொபைல் ஃப்ளாஷில் இரண்டு படம் எடுத்துப் பார்த்தால் போதும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஃபேஷியல் வேண்டவே வேண்டாம், சிவந்துபோனாலோ பரு கிளம்பினாலோ ஆற நேரம் இருக்காது. ரெட்டினால் க்ரீம் போடுகிறவர்கள் வேக்சிங்குக்குச் சில நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் தோல் உரிந்து வரும். ஹேர் டைக்கு 48 மணி நேரம் முன்னால் பேட்ச் டெஸ்ட், அதாவது தோலில் துளி தடவி ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது. ஒட்டு இமைமுடிக்குப் போடும் பசையில் லேடெக்ஸ் என்கிற ரப்பர் பால் இருக்கலாம், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது, அதையும் சோதித்துவிடுங்கள்.

முடிக்கு வருகிறேன், இங்கேதான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். கல்யாணத்தன்று காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் முடி வழுவழுவென்று பின்னை விட்டு நழுவும். முந்தின நாளே குளித்து, நன்றாகக் காயவைத்துவிடுங்கள். சுருட்டிய முடியை ஆறும் முன் கோதினால் சுருள் அங்கேயே போச்சு. பின்னின் வளைவு வளைவான பக்கம் தலையைத் தொட வேண்டும், நேரான பக்கம் மேலே; நிறைய பேர் திருப்பிக் குத்துகிறார்கள். ஒரு பின் மேல் இன்னொன்றை எக்ஸ் மாதிரி குறுக்கே மாட்டினால் இரண்டே பத்துக்குச் சமம். கொண்டை போட்டு முடித்ததும் குனிந்து, நிமிர்ந்து, தலையை ஆட்டிப் பாருங்கள். எங்காவது குத்தினாலோ இழுத்தாலோ அப்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். இவ்வளவு நேரம் கஷ்டப்பட்டுப் போட்டார்களே என்று தயங்கிவிட்டு, சாயங்காலம் தலைவலியோடு மேடையில் நிற்கிற பெண்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது.

மேக்கப்புக்கு உட்காரும்போது முன்னால் பட்டன் வைத்த சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தலை வழியாகக் கழற்றும் உடை என்றால் அத்தனை உழைப்பும் அதிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும்.

அழுகை வந்தால் அடக்க வேண்டாம், மஸ்காரா மட்டும் வாட்டர்ப்ரூஃபாக இருக்கட்டும். டிஷ்யூவின் முனையை மடித்துக் கீழ் இமையில் மெதுவாக ஒற்றுங்கள், தேய்க்கக் கூடாது. எண்ணெய் வழிந்தாலும் இதே மாதிரி ஒற்றி எடுத்த பிறகுதான் பவுடர், நேரே மேலே போட்டால் கட்டிகட்டியாக நிற்கும். டிஷ்யூ, லிப்ஸ்டிக், நாலு பின், இதை உங்கள் பையில் வைக்காதீர்கள், அன்றைக்கு அது யார் கையில் இருக்கும் என்றே தெரியாது. கூடவே நிற்கப்போகிற தோழியிடமோ தங்கையிடமோ கொடுத்து, அவளுக்கும் ஒரு தடவை ஒற்றிக் காட்டிவிடுங்கள்.