சிங்கத்துக்கு உங்களைப் பிடித்திருக்கலாம், அதனால் என்ன?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிறிஸ்டியன் என்ற சிங்கத்தின் வீடியோ மறுபடியும் சுற்றுக்கு வந்திருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். முடி வளர்த்த இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள், ஒரு சிங்கம் தயங்கித் தயங்கி இறங்கி வருகிறது, அப்புறம் ஓடிவந்து பின்னங்காலில் எழுந்து அவர்கள் தோளைக் கட்டிக்கொள்கிறது. "மனுஷனுக்குத்தான் நன்றி கிடையாது" என்று கீழே பெரியப்பா எழுதியிருந்தார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது.

கதை உண்மைதான். 1969-இல் லண்டன் ஹாரட்ஸ் கடையில் ஜான் ரெண்டல், ஏஸ் பர்க் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் அந்தக் குட்டியை வாங்கினார்கள் (அப்போது காசு இருந்தால் அங்கே சிங்கமும் கிடைத்தது). ஒரு மரச்சாமான் கடையில் வைத்து வளர்த்தார்கள், சர்ச் கல்லறைத் தோட்டத்தில் ஓடியாட விட்டார்கள், பெரிதாகிவிட்டதும் கென்யாவின் கோராவில் சிங்கங்களைக் காட்டு வாழ்க்கைக்குப் பழக்கிவந்த ஜார்ஜ் ஆடம்சனிடம் ஒப்படைத்தார்கள். 1971-இல் அவர்கள் திரும்பப் பார்க்கப் போனபோது எடுத்ததுதான் அந்தக் காட்சி.

யாரும் ஃபார்வர்டு செய்யாத பாகம் ஒன்று இருக்கிறது. அதே 1971, அதே கோரா முகாம். அங்கே பாய் என்று ஒரு ஆண் சிங்கம் இருந்தது, ஆடம்சனோடு வருஷக்கணக்காகப் பழகியது, கிறிஸ்டியனைச் சேர்த்துக்கொண்டதும் அதுதான். அந்தப் பாய் முகாமில் வேலை செய்த ஒருவரைக் கடித்துக் கொன்றது. ஆடம்சன் தன் கையாலேயே அதைச் சுட வேண்டியதாயிற்று. கிறிஸ்டியனின் அன்பு நிஜம், பாயின் அன்பு நடிப்பு என்று சொல்ல முடியுமா? இரண்டும் நிஜம் என்றுதான் நான் நினைக்கிறேன். சிக்கலே அங்கேதான்.

சிங்கம் கூட்டமாக வாழும் மிருகம். பிரிந்தவை மறுபடி சேர்ந்தால் தலையோடு தலை முட்டி, உடம்போடு உடம்பு தேய்த்துக்கொள்ளும். தன்னை வளர்த்த மனிதனிடமும் அதையே செய்கிறது, அதாவது உன்னையும் கூட்டத்தில் சேர்த்துவிட்டேன் என்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தடித்த தோல் உண்டு, ஆண்களுக்குப் பிடரியும் உண்டு, நமக்கு இரண்டும் கிடையாது. லாஸ் வேகாஸில் புலிகளை வைத்து வித்தை காட்டிய ராய் ஹார்னை 2003-இல் மேடையிலேயே அவருடைய புலி கழுத்தைக் கவ்வி இழுத்துப்போனது. பிழைத்தார், ஆனால் உடம்பு பழையபடி ஆகவில்லை. தான் மயங்கிச் சரிந்ததைப் பார்த்துக் காப்பாற்றத்தான் இழுத்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். புலி பிரியத்தோடு கவ்வினாலும் கழுத்து கழுத்துதானே.

நான் இருப்பது மண்ணிவாக்கம் பக்கம். காற்று தோதாக வீசினால் விடிகாலையில் வண்டலூர் பூங்காவிலிருந்து சிங்கம் கர்ஜிப்பது கேட்கும். (புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் பயந்துவிடுவார்கள்.) எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற கீப்பர் ஒருவர் இருக்கிறார், வேலைக்காலத்தில் பாதியைப் புலி, சிங்கத்தோடு கழித்தவர். "அண்ணே, உங்களை அதுங்களுக்கு அடையாளம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமயா? லீவு முடிஞ்சு போனா கம்பிகிட்ட வந்து ஒடம்பத் தேய்க்கும். புலி மூக்கால ஒரு சத்தம் போடும், குதிரை மூச்சு விடுற மாதிரி. புதுசா வர்ற டாக்டருக்கெல்லாம் அது போடாது."

"தொட்டிருக்கீங்களா?"

"தொடணும்னு தோணும். தோணுறதெல்லாம் செஞ்சா பென்ஷன் யாரு வாங்குறது?"

சாயந்திரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வெளியே இருப்பது உள்ளறைக்கு வந்துவிடுமாம். வந்ததும் இழுவைக் கதவை இறக்கி, தலையை எண்ணி, பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்து, கூட இருப்பவரையும் இழுத்துப் பார்க்கச் சொல்லி, அதற்குப் பிறகுதான் மறுபக்கம் கழுவப் போவார்களாம். அவர் குரலை நம்பித்தான் அது உள்ளே வருகிறது, ஆனால் அதன் நம்பிக்கையை நம்பி அவர் ஒருநாளும் பூட்டாமல் விட்டதில்லை. கட்டிப்பிடிக்கிற வீடியோவைவிட எனக்கு இது பெரிய உறவாகத் தெரிகிறது. 2021 கொரோனா அலையில் பூங்காவின் சிங்கங்களுக்கும் தொற்று வந்து, ஜூன் 3 அன்று நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் இறந்ததே, அன்றைக்கு இவர் பணியிலேயே இல்லை. இருந்தும் ராத்திரி சாப்பிடவில்லை என்று அவர் வீட்டு அக்கா சொன்னார்.

சென்னைக்காரர்களுக்குச் சிங்கம் வளர்ப்பது புதுக்கதையும் இல்லை. தி.நகர் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் அவர் வளர்த்த சிங்கத்தைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், போனால் பார்க்கலாம். இன்று அவரே வந்தாலும் சட்டம் விடாது. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஐந்தையும் வித்தைக்குப் பழக்கக்கூடாது என்று மத்திய அரசு 1998-இல் அறிவித்தது, சர்க்கஸ் கூண்டுகள் காலியானது அதனால்தான். 2011-இல் அதே பட்டியலில் காளையையும் சேர்க்கப்போய்தான் ஜல்லிக்கட்டு தடையும் 2017 மெரினாவும் வந்தன. அது தனிக்கதை, இங்கே ஆரம்பித்தால் பின்னூட்டத்தில் சண்டை வரும்.

இங்கே முடியாததைத் தாய்லாந்தில் பத்து நிமிஷத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம். பட்டாயா போய்வந்த பாதிப் பேரின் டிபியில் ஒரு புலி படுத்திருக்கிறது. அந்தப் புலிக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றவரையும் தெரியாது. காஞ்சனபுரியில் புத்தபிக்குகள் நடத்திய புலிக்கோயிலும் மனிதனும் புலியும் சேர்ந்து வாழும் இடமென்றுதான் பேர் வாங்கியிருந்தது. 2016-இல் அதிகாரிகள் உள்ளே போய் 137 புலிகளை வெளியேற்றினார்கள், ஃப்ரீசரைத் திறந்தால் 40 குட்டிகளின் உடல்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கும்பல் அடுத்த மாதம் பட்டாயா கிளம்புகிறது. புலியோடு படம் எடுக்கிற நிகழ்ச்சியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அதற்கு முன்பணம் கட்டியாகிவிட்டதாம், திருப்பித் தருவார்களா என்று ஏஜென்டிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.