மூன்று தையல் போட்ட புருவம்

கண் மருத்துவராகப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், பைக் விபத்தில் அடிபட்ட இளைஞர் ஒருவர் தையல் பிரிக்க வந்திருந்தார். இடப் புருவத்தின் வெளி ஓரத்தில் மூன்றே தையல்கள். தலை ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்பதால், ஒரு நாள் கண்காணிப்பில் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வீங்கி மூடிய இமை ஐந்தாம் நாள்தான் திறந்தது என்றும், திறந்த பிறகும் அந்தக் கண்ணில் எதுவும் தெரியவில்லை என்றும் சொன்னார். ஹெல்மெட் அன்று வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்ததாம்.

வெளியே பார்த்தால் கண் மாசுமருவற்று இருந்தது. அறையை இருட்டாக்கி, வலக் கண்ணில் டார்ச் அடித்தபோது இரண்டு கண்களின் பாப்பாக்களும் சட்டென்று சுருங்கின. ஒளியை இடக் கண்ணுக்கு நகர்த்தியதும், சுருங்கியபடியே இருக்க வேண்டிய பாப்பா மெல்ல விரிந்தது. அந்த விரிவைப் பார்த்த கணமே, பார்வை நரம்பு அடிபட்டிருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. புருவ ஓரத்தில் விழும் அடியின் வேகம் எலும்பு வழியாக உள்ளே பாய்ந்து, பார்வை நரம்பு மூளையை நோக்கிச் செல்லும் குறுகிய எலும்புக் குழாயில் போய் முடிகிறது. அங்கே நரம்பின் உறை எலும்போடு ஒட்டியிருப்பதால், நரம்பு அசைந்து கொடுக்க வழியில்லாமல் நசுங்கிவிடுகிறது.

"டாக்டர், அன்னைக்கு ராத்திரியே கண்ணைப் பார்த்திருந்தா பார்வை வந்திருக்குமா?" என்று அவருடைய தாயார் கேட்டார்.

வந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இந்தக் காயத்துக்கு உறுதியான பலன் தரும் சிகிச்சை இன்றும் கிடையாது. ஒரு காலத்தில் அதிக அளவில் ஸ்டீராய்டு ஏற்றி வந்தார்கள். தலைக்காயம் பட்டவர்களுக்கு அது உயிரிழப்பைக் கூட்டுகிறது என்று 2004-ல் வெளியான கிராஷ் (CRASH) என்ற மருத்துவ ஆய்வு காட்டிய பிறகு அதைத் தொடக் கை தயங்குகிறது. ஆனாலும் அந்தத் தாயாரின் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். ஏனென்றால், அதே வீங்கிய இமைக்குப் பின்னால் வேறு இரண்டு காயங்களும் ஒளிந்திருக்கக்கூடும், அவை காத்திருக்காதவை.

ஒன்று, விழிக்குப் பின்னால் ரத்தம் தேங்கி அழுத்துவது. கண் கல்லைப் போல இறுகிப் பிதுங்கும். ஸ்கேனுக்குக்கூடக் காத்திராமல் இமையின் வெளி முனையை வெட்டி அழுத்தத்தை விடுவித்தால் பார்வை பிழைக்கும், இரண்டு மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் பிழைக்காது. மற்றொன்று, விழியே கிழிந்துபோவது. பாப்பா கண்ணீர்த்துளி வடிவில் ஒரு பக்கம் இழுபட்டு, கருவிழி ஓரத்தில் பழுப்பு நிற மணி போல உள்திசு எட்டிப் பார்க்கும். இப்படி வருபவர்களில் பலருக்கு, உடன் வந்தவர்கள் ஈரக் கைக்குட்டையால் கண்ணை அழுத்தித் துடைத்திருப்பார்கள். அக்கறையில் செய்வதுதான், ஆனால் அந்த அழுத்தத்தில் விழியின் உள்ளிருப்பவை வெளியே வந்துவிடும். கழுவாமல், மருந்து ஊற்றாமல், ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணில் படாதபடி கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டிக் கொண்டுவந்தால் போதும். சாப்பிடவும் எதுவும் கொடுக்கக் கூடாது, அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பது அதனால் பல மணி நேரம் தள்ளிப்போகும்.

அன்று முதல், இரவில் விபத்துப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தால் தையலைப் பற்றி நான் முதலில் கேட்பதில்லை. இமை முழுவதும் வீங்குவதற்கு முன், விழியை அழுத்தாமல் இமையை விலக்கி, இரண்டு பாப்பாக்களையும் பார்த்து நேரத்தோடு குறித்து வைக்கும்படி பயிற்சி மருத்துவர்களிடம் சொல்கிறேன்.

அந்த இளைஞரின் வலக் கண்ணுக்குப் பவர் எதுவும் தேவையில்லை. இருந்தாலும் எஞ்சியிருக்கும் அந்த ஒரு கண்ணுக்குக் காப்பாக, எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஆண்டும் பரிசோதனைக்கு அதை அணிந்துகொண்டுதான் வருகிறார்.