போர்வைக்குள் இருந்த கை

டயாலிசிஸ் டெக்னீசியனாகப் பதினோரு வருடம் ஆகிறது. வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் கை மியூட் பட்டனைத்தான் தேடுகிறது.

காலை ஆறு மணி ஷிப்டில் ஒரு பெரியவர் வருவார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அலாரம் அடித்தால், “பாப்பா, உன் வண்டி விசில் அடிக்குது, ஸ்டாப்பிங் வந்துருச்சா?” என்பார். பெரும்பாலும் அவர்தான் காரணம். பேப்பரைப் புரட்ட ஃபிஸ்டுலா கையை, அதாவது ஊசி போடுவதற்காக ஆபரேஷனில் ரத்தக்குழாய்களை இணைத்திருக்கும் கையை, மடக்குவார். ரத்தத்தை இழுக்கும் பக்கத்து பிரஷர் மைனஸ் 150-இலிருந்து மைனஸ் 250-க்குப் போய்விடும், பம்ப் நிற்கும். கையை நீட்டினால் சரி.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இந்த மிஷினின் சென்சார்களைச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கும். ரத்தம் உடம்புக்குத் திரும்பும் வழியில் ஏர் டிடெக்டர். குழாயின் குறுக்கே அல்ட்ராசவுண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் அது சுலபமாகக் கடக்கும், காற்று வந்தால் தடைபடும். உடனே பம்ப் நிற்கும், கிளாம்ப் ‘டக்’கென்று குழாயைக் கடித்துக்கொள்ளும். ரத்தத்தை வடிகட்டும் டயலைசரில் ஓர் இழை கிழிந்து ரத்தம் கழிவுத் திரவத்தில் கலந்தால், அதைப் பார்க்க ஒளி வைத்து ஒரு சென்சார். டயலைசருக்குள் ஓடும் திரவத்தில் கலக்கும் ஆசிட் கேன் காலியானால், அதன் உப்பளவைக் காட்டும் கண்டக்டிவிட்டி 14-இலிருந்து சரியும். மிஷின் அந்தத் திரவத்தை டயலைசர் பக்கமே விடாது. ஆனால் தண்ணீரில் குளோரமின் என்ற குளோரின் சேர்மம் இருந்தால் அதற்குத் தெரியாது. அது அளப்பது உப்பை. குளோரினை தினமும் காலையில் நான்தான் டெஸ்ட் செய்து நோட்டில் எழுதவேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன் வேறு ஒரு மருத்துவமனையில் இருந்தேன். அங்கே ஒரு மார்கழிக் காலை. ஏசியும் சேர்ந்துகொண்டது. இதே பெரியவர்தான், கழுத்து வரை போர்வை. நான் பக்கத்து வரிசையில் ஒருவருக்கு லைன் போட்டுக்கொண்டிருந்தேன். எந்த அலாரமும் இல்லை. அடுத்த கட்டில்காரரின் மனைவி, “ஏம்மா, கீழே என்னமோ சொட்டுதே” என்றார்.

வெள்ளை டைல்ஸில் சிவப்பு. போர்வையை இழுத்தேன். பிளாஸ்டர் வியர்வையில் கழன்று, ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி அனுப்பும் நீல ஊசி வெளியே கிடந்தது. பம்ப் நிமிடத்துக்கு 250 மில்லி வீதம் அவர் ரத்தத்தை மெத்தையில் ஊற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கில் நான்கே நிமிடத்தில் ஒரு லிட்டர். பம்பை நிறுத்தி, ஊசி இருந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிஸ்டரைக் கூப்பிட்டேன். பிபி 80. திரையைப் பார்த்தேன்: ரத்தம் திரும்பும் பக்கத்து அழுத்தமான வீனஸ் பிரஷர் 122. எல்லாம் பச்சை.

ரத்தத்தை இழுக்கும் சிவப்பு ஊசி கழன்றிருந்தால் காற்றை இழுத்திருக்கும், மிஷின் ஊரைக் கூட்டியிருக்கும். நீல ஊசி அப்படியில்லை. வீனஸ் பிரஷர் என்று திரையில் தெரியும் எண்ணில் பெரும்பங்கு ஊசியின் குறுகலான துவாரத்தால் வருவது. ஃபிஸ்டுலாவுக்குள் இருக்கும் அழுத்தம் அதில் கொஞ்சம்தான். ஊசி நரம்பில் இருந்தாலும் மெத்தையில் இருந்தாலும் அதே துவாரம் வழியாகத்தான் ரத்தம் போகவேண்டும். 145 இருந்தது 122 ஆனது, அவ்வளவுதான். கீழ் எல்லையை நான் 100-இல் வைத்திருந்தேன். எல்லையை நெருக்கி வைத்திருந்தால் ஒருவேளை அடித்திருக்கும். நெருக்கி வைத்தால் அவர் இருமும்போதெல்லாம் அடிக்கும், நாலாவது தடவை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டோம். இதுதான் தொல்லை. ஈரம் பட்டால் கத்துகிற தனிப் பட்டைகள் வந்திருக்கின்றன, ஊசி போட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். நான் வேலை பார்த்த எந்த யூனிட்டிலும் வாங்கவில்லை.

செலைன் ஏற்றி, ரத்தமும் ஏற்றி, அன்று மாலை பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். “விசிலே கேக்கலியே பாப்பா” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் இந்த யூனிட்டுக்கு மாறியபோது அவரும் இங்கேயே வந்துவிட்டார். இப்போது பிளாஸ்டரைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுகிறேன், அரைமணிக்கு ஒரு தடவை கையைப் போய்ப் பார்க்கிறேன். அவர் மனைவி ஒரு பழைய ஸ்வெட்டரின் இடது கையை மட்டும் வெட்டி, ஓரம் தைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார். மார்கழியில் அதைப் போட்டுக்கொண்டு, இடது கையைப் போர்வைக்கு வெளியே நீட்டியபடி, வலது கையாலேயே பேப்பரைப் புரட்டப் பார்ப்பார். பாதி நேரம் அது கீழே விழும். நான்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும்.