மாரோவிண்டில் பார்வைக் கோணம்: 60-இலிருந்து 68-க்கு

ஆட்டம் 2002-இல் வந்த கணினி விளையாட்டான மாரோவிண்ட். ஓடுவது பழைய இன்ஜினில் அல்ல, அதே ஆட்டத்துக்காகப் புதிதாக எழுதப்பட்ட திறந்த மூல இன்ஜினான ஓப்பன் எம்டபிள்யூவில். மானிட்டர் 24 இன்ச், 1920 × 1080. கண்ணுக்கும் திரைக்கும் இடையே சுமார் 60 செ.மீ. தேவை இரண்டு: குகைக்குள் பக்கவாட்டில் வருவது கண்ணில் பட வேண்டும், எதிரே நிற்பவன் முகம் குறுகிப் போகவும் கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்பதால்தான் இத்தனை சோதனை.

பார்வைக் கோணம் (எஃப்ஓவி) என்பது ஆட்டத்தின் உலகில் எத்தனை பாகை திரையில் தெரிகிறது என்பது. அதை மாற்றும் ஸ்லைடரைத் தொடுவதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ஓப்பன் எம்டபிள்யூ கேட்கும் எண் செங்குத்துக் கோணம், அதாவது மேலிருந்து கீழ். பல ஆட்டங்களில் நாம் போட்டுப் பழகிய 90 கிடைக் கோணம், அதாவது இடமிருந்து வலம். படத்தை மேம்படுத்தும் துணை நிரலான எம்ஜிஇ எக்ஸ்இ வைத்துப் பழைய இன்ஜினில் ஆடியவர்கள் கொடுத்த எண்ணும் கிடைக் கோணம்தான். அந்தப் பழக்கத்தில் இங்கே 90 போட்டால் கிடைக் கோணம் 121 பாகைக்குப் போய்விடும். "எஃப்ஓவி கூட்டினால் ஆட்டம் கண்றாவியாக இருக்கிறது" என்று சொல்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டியிருப்பார்கள்.

மாற்றும் முறை: செங்குத்துக் கோணத்தின் பாதிக்கு டேன் எடுத்து, திரையின் அகலத்தை உயரத்தால் வகுத்த எண்ணால் பெருக்கி, வரும் விடைக்கு ஆர்க்டேன் எடுத்து இரண்டால் பெருக்க வேண்டும். 16:9 திரையில் 60 என்பது 91.5 பாகை, 68 என்பது 100, 75 என்பது 107.5, 90 என்பது 121, ஸ்லைடரின் உச்சமான 110 என்பது 137. அதே 60, பழைய 4:3 திரையில் 75 பாகை. பழைய இன்ஜினின் இயல்புக் கோணமும் 75-தான். ஆக, ஓப்பன் எம்டபிள்யூவின் இயல்பு மதிப்பான 60 சும்மா வைத்த எண் அல்ல. மேலும் கீழும் பழைய 4:3 படத்தில் தெரிந்த அளவே தெரியும், அகலத் திரையில் பக்கங்கள் கூடுதலாகக் கிடைக்கும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 24 இன்ச் திரையின் அகலம் சுமார் 53 செ.மீ. 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் அந்தத் திரை கண்ணில் பிடிக்கும் இடம் 48 பாகைதான். அதற்குள் 91.5 பாகை உலகத்தை அடைக்கிறோம். கூட்டக் கூட்டப் பிதுங்கத்தான் செய்யும்.

சோதனைக்கு மூன்று இடங்களில் சேவ். செய்டா நீன் ஊரில் அரில் கடையின் உள்ளே, கடைக்காரர் எதிரே. ஊருக்கு வெளியே அடமசார்ட்டஸ் குகையின் முதல் வளைவு. பால்மோராவில் ஓடாய் ஆற்றுப் பாலத்தின் நடுவில், பகல் நேரம். ஒவ்வொரு மதிப்புக்கும் அதே சேவை லோட் செய்து, எஃப்11 அழுத்தித் திரைக் குறிகளை மறைத்து, எஃப்12-இல் படம் எடுத்து அருகருகே வைத்துப் பார்ப்பது. விருப்பங்கள் பட்டியலின் வீடியோ பகுதியில் உள்ள ஸ்லைடர் உடனே வேலை செய்யும், மறுதொடக்கம் வேண்டாம்.

90: குகையில் இரண்டு பக்கச் சுவரும் தெரிகிறது, ஆனால் சுரங்கம் உண்மையைவிட இரண்டு மடங்கு நீளமாகத் தோன்றுகிறது. அடி விழும் தூரம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கத்தியைச் சுழற்றினால் காற்றில் போகிறது. பாலத்தில் திரையின் ஓரமாக நிற்பவர், தன் உயரத்துக்கு இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்கு அகலமாகிவிட்டார். தட்டைத் திரையில் படம் விழும் விதம் அப்படி: ஓரத்தில் ஒரு உருவம் எவ்வளவு பருக்கும் என்பது பாதிக் கிடைக் கோணத்தின் கோசைனால் ஒன்றை வகுத்தால் வரும். 60-இல் 1.43, 68-இல் 1.56, 75-இல் 1.69, 90-இல் 2.04. ரசிகர்கள் செய்த எந்த மாட் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

75: ஓரங்கள் தாங்கக்கூடிய அளவில் இருக்கின்றன. தலைக்கு மேலிருந்து பாயும் கிளிஃப் ரேசர்கள் முன்கூட்டியே தெரிவது பெரிய லாபம் (அந்தப் பறவைகளை வெறுக்காதவர் யாராவது உண்டா?). ஆனால் நடுவில் உள்ளவை 60-இல் இருந்ததைவிட 25 சதவீதம் சிறிதாகிவிட்டன. அரிலின் முகமும், மேசை மேல் இருக்கும் சிறு பொருள்களும் குறுகிவிட்டன. இந்த ஆட்டத்தில் பாதி நேரம் மேசையைத் துழாவுவதுதான், எனவே இது சின்ன இழப்பு இல்லை.

68: சுருக்கம் 14 சதவீதம். வளைவில் பதுங்கியிருப்பவன் தெரிகிறான், வாள் வீச்சின் தூரமும் கைவசம் இருக்கிறது. இங்கேயே நிறுத்தியாயிற்று.

எண்ணை நிலையாக எழுத வேண்டுமானால் செட்டிங்ஸ் சிஎஃப்ஜி ஃபைல். விண்டோஸில் டாக்குமென்ட்ஸ், மை கேம்ஸ், ஓப்பன் எம்டபிள்யூ ஃபோல்டருக்குள் இருக்கும். லினக்ஸில் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள். சதுர அடைப்புக்குறிக்குள் கேமரா என்ற தலைப்பு, அதன் கீழே "ஃபீல்ட் ஆஃப் வியூ = 68" என்ற வரி; எல்லாம் ஆங்கில எழுத்தில். ஆட்டத்தை மூடிவிட்டுத் திருத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது திருத்தினால், வெளியே வரும் நேரத்தில் ஆட்டம் தன் மதிப்புகளைத் திரும்ப எழுதிவிடும், நீங்கள் எழுதியது போய்விடும். ஏற்கெனவே அந்த வரி இருந்தால் அதையே மாற்ற வேண்டும். ஒரே தலைப்பின் கீழ் இரண்டாவது முறை எழுதினால் பிழை காட்டும்.

அதே தலைப்பின் கீழ் "ஃபர்ஸ்ட் பெர்சன் ஃபீல்ட் ஆஃப் வியூ" என்று இன்னொன்று உண்டு. அது கையையும் கையில் பிடித்த ஆயுதத்தையும் மட்டும் கட்டுப்படுத்துகிறது, இயல்பு 60. அதைத் தொட வேண்டாம். இந்த ஆட்டத்தின் கை மாடல்கள் பெரிய கோணத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கூட்டினால் கோணலாகத் தெரியும், மிகவும் குறைத்தால் கையே திரையில் இல்லாமல் போகலாம். உலகத்துக்கு 68, கைக்கு 60 என்று தனித்தனியாக இருப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. கண்ணுக்கு எவ்வளவு அருகில் உள்ளதுவரை வரைவது என்று சொல்லும் நியர் கிளிப்பையும் 1-லேயே விடுங்கள். 8-ஐத் தாண்டினால் கைகள் வெட்டுப்படத் தொடங்கும்.

கோணத்தைக் கூட்டியபின்தான் கண்ணில் படும் கோளாறு மூடுபனி. பாலத்தில் நின்றால் திரையின் ஓரத்தில் தெளிவாகத் தெரிந்த வீடு, அதை நோக்கித் திரும்பியதும் பனிக்குள் கரைந்துவிடுகிறது. திரும்பினால் மறுபடி ஓரத்தில் வருகிறது. காரணம்: இயல்பு நிலையில் பனியின் அடர்த்தி கண்ணிலிருந்து உள்ள நேர்த் தூரத்தால் கணக்கிடப்படுவதில்லை, திரைக்குச் செங்குத்தான ஆழத்தால் கணக்கிடப்படுகிறது. ஓரத்தில் இருப்பதன் ஆழம் அதன் உண்மைத் தூரத்தைவிடக் குறைவு, அதனால் பனியும் குறைவு. 68-இல் ஓரத்துப் பொருள் 1.56 மடங்கு தள்ளியிருந்தாலும் நடுவில் உள்ளதற்கு விழும் பனியே அதற்கும் விழுகிறது. தீர்வு எளிது: ஃபாக் என்ற தலைப்பின் கீழ் "ரேடியல் ஃபாக் = ட்ரூ". ஆட்டத்தைத் தொடங்கும் லாஞ்சரிலும் இதற்குத் தேர்வுக் கட்டம் இருக்கிறது. ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் ஷேடர் நிரல்கள் கட்டாயமாக ஓடத் தொடங்கும் என்பதால் பழைய கிராபிக்ஸ் கார்டில் கொஞ்சம் சுமை ஏறும். 60-இல் ஆடுபவர்களுக்கும் இது நல்லதுதான். 68-க்கு மேல் போனால் கட்டாயம்.

இதன் கூடவே சின்னப் பொருள்கள் முன்பைவிடச் சீக்கிரம் மறைவதும் தெரியும். திரையில் 2 பிக்சலுக்குக் கீழே சுருங்கியதை வரையாமல் விட்டுவிடும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது: "ஸ்மால் ஃபீச்சர் கல்லிங் பிக்சல் சைஸ்", கேமரா தலைப்பின் கீழ். எல்லாம் 14 சதவீதம் சுருங்கியதால் அந்த எல்லையும் அருகில் வந்துவிட்டது. 2.0-ஐ 1.7 ஆக்கினால் பழைய தூரத்துக்கே திரும்பும்.

எஃப்.பி.எஸ். (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) விஷயத்தில் குகையிலும் கடையிலும் சொல்ல ஒன்றுமில்லை. பால்மோராவில் குறையும், ஏனென்றால் திரைக்குள் அதிகக் கட்டடங்களும் ஆட்களும் வருகிறார்கள், ஒவ்வொன்றையும் வரையச் சொல்லும் வேலை சிபியு தலையில் விழுகிறது. எஃப்3 அழுத்தி எண்ணைப் பார்த்துக்கொண்டே ஸ்லைடரை நகர்த்தினால் உங்கள் கணினிக்கு எது தாங்கும் என்று தெரிந்துவிடும். ரெசல்யூஷனைக் குறைத்து இதைச் சரிசெய்யப் பார்ப்பது வீண். எவ்வளவு தூரம்வரை வரைவது என்ற வியூயிங் டிஸ்டன்ஸைக் குறைத்தால் பலன் கிடைக்கும்.

3440 × 1440 போன்ற அகன்ற திரை வைத்திருப்பவர்கள் இந்த 68-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே இயல்பான 60-லேயே கிடைக் கோணம் 108 பாகை, 16:9 திரையின் 75-ஐவிடச் சற்று அதிகம். முதலில் 55 போட்டுப் பாருங்கள்.