டக் டக் சத்தமும் ரெண்டு ஞாயித்துக்கிழமையும்

ரெண்டு மாசமா கார்ல யூ டர்ன் அடிக்கும்போதெல்லாம் முன்னாடி வலது வீல்ல டக் டக் டக்னு சத்தம், நேரா போனா வராது, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு கிளட்ச விட்டா மட்டும் வரும். குனிஞ்சு பாத்தா வெளி சிவி ஜாயிண்டோட, அதாவது கியர்பாக்ஸ்ல இருந்து வீல சுத்துற ஷாஃப்ட்டோட வீல் பக்க மூட்டோட, ரப்பர் பூட் (கிரீஸ உள்ள வச்சு மண்ண தடுக்குற உறை) ஒரு மடிப்புல கிழிஞ்சு, ரிம்மோட உள்பக்கம் பூரா கிரீஸ் கருப்பா அப்பியிருக்கு. கிழிஞ்ச அன்னைக்கே பாத்திருந்தா ரப்பரையும் கிரீஸையும் மட்டும் மாத்தி முடிச்சிருக்கலாம்.

முதல் ஞாயிறு பாதி நாள் ஆக்ஸில் நட்டுலயே போச்சு, ஷாஃப்ட் முனைய வீலோட இறுக்கிப் பிடிக்கிற பெரிய நட்டு அது. நட்டோட ஓரத்த ஷாஃப்ட் காடிக்குள்ள அடிச்சு மடக்கியிருப்பாங்க, அத உளியால நிமித்திட்டு வீல் தரையில இருக்கும்போதே லூஸ் பண்ணிடணும், ஜாக்கில தூக்கினப்புறம் அவ்ளோ பலம் குடுத்தா வண்டி சாஞ்சிடும். மச்சினன உள்ள உக்கார வச்சு "மாப்ள, பிரேக்க மட்டும் விட்டுடாத"ன்னு சொல்லிட்டு, நட்டு கழட்டுற கம்பியில நாலடி ஜிஐ பைப்ப சொருகி மொத்த எடையையும் போட்டேன், படார்னு அசைஞ்சுது. அப்புறம் ஸ்டாண்ட் வச்சு, கியர் ஆயில வடிச்சு, கீழ் பால் ஜாயிண்ட் போல்ட்ட கழட்டி ஷாஃப்ட்ட உருவியாச்சு. கியர்பாக்ஸ் பக்கம் நெம்பும்போது ஆயில் சீல்ல முனை படக்கூடாது, நான் சீலையும் புதுசாவே போட்டுட்டேன்.

ஜாயிண்ட டீசல்ல கழுவி, உள்ள இரும்பு குண்டுகள பிடிச்சிருக்கிற கூண்ட சாச்சு குண்ட ஒண்ணொண்ணா எடுத்தேன், மொத்தம் ஆறு. குண்டு ஓடுற காடியில நகத்த ஓட்டினா ஒரு இடத்துல நிக்குது. மண்ணு கிரீஸோட கலந்து அரைச்ச குழி. திரும்பும்போது குண்டு அதுல விழுந்து ஏறுறதுதான் அந்த டக். வீல் எந்தக் கோணத்துல திரும்பினாலும் ஒரே சீரா சுத்தணும்னு ஆல்ஃபிரட் ஷெப்பாங்கிற இன்ஜினியர் 1920கள்லயே யோசிச்ச அமைப்பு இது, கையில வச்சு பாக்கும்போது கும்பிடணும் போல இருந்துச்சு. ஆனா குழி விழுந்தா சரி பண்ண முடியாது, புதுசுதான்.

பழைய ஜாயிண்ட கடைக்கே எடுத்துட்டு போய் ஜாயிண்ட்ல இருக்கிற பல்ல எண்ணி, பக்கத்துல வச்சு பாத்து வாங்கினேன். ரெண்டாவது ஞாயிறு வேலை சுலபம்: பூட், கிளாம்ப முதல்ல ஷாஃப்ட்ல மாட்டிட்டு, புது சர்க்ளிப் (ஜாயிண்ட் கழண்டு வராம பிடிக்கிற கம்பி வளையம்) போட்டு, மர சுத்தியால தட்டினா டிக்குனு உக்காந்துடும். கூட வந்த மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த கருப்பு கிரீஸ்) பாக்கெட் முழுசையும் உள்ள அடைச்சேன். கிளாம்ப இறுக்குறதுக்கு முன்னாடி சின்ன ஸ்க்ரூ டிரைவர ஓரத்துல நுழைச்சு உள்ள சிக்கின காத்த வெளிய விட்டேன், இல்லன்னா பூட் ஊதிப்போய் மடிப்பு ஒண்ணோட ஒண்ணு உரசி சீக்கிரம் கிழியும். நட்டும் புதுசு, மேனுவல்ல சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்த அளந்து காட்டுற ஸ்பேனர்) இறுக்கி ஓரத்த மறுபடி மடக்கியாச்சு.

சாயங்காலம் கிரவுண்டுல கண்ணாடிய இறக்கிட்டு ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு ரெண்டு பக்கமும் வட்டம் போட்டேன், டயர் மண்ணுல உரசுற சத்தம் மட்டும்தான். இறங்கி இடது பக்கம் டார்ச் அடிச்சு பாத்தா பூட் கிழியல, ஆனா மடிப்புக்குள்ள முடி மாதிரி வெடிப்பு ஓடுது. அதுக்கும் பூட்டும் கிரீஸும் வாங்கிட்டேன், வர்ற ஞாயிறு அது.